சூரிய ஒளி மின்சாரம்: வீட்டில் பாதுகாப்பாக அமைப்பது எப்படி?

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டாரத்தில், காமராசர் நீர்த்தேக்கத்தை அடுத்த கிராமங்களிலும் செம்பட்டி, சின்னாளபட்டி சுற்றுப்புறங்களிலும், தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் சிறு விவசாயிகள் பலர். மல்லிகை பறிக்க விடியுமுன் எழ வேண்டும். மாடு கறக்க வேண்டும். பிள்ளைகள் படிக்க வேண்டும். இத்தனைக்கும் விளக்கு தேவை. ஆனால் தோட்டத்து வீடு மின்கம்பியின் கடைசி முனையில் இருப்பதால், ஆடிக் காற்றில் ஒரு தென்னை மட்டை விழுந்தாலும் ஐப்பசி மழையில் ஒரு கம்பி அறுந்தாலும் முதலில் இருள்வது அந்த வீடுதான். கடைசியில் வெளிச்சம் வருவதும் அங்கேதான்.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய மின் பற்றாக்குறையை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லை. அக்காலத்தில்தான் இன்வெர்ட்டரும் பேட்டரியும் கிராமத்து வீடுகளில் புகுந்தன. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றிலும் சூரிய சக்தியில் எரியும் 5 விளக்குகள் அமைக்கப்பட்டன. அன்றைய பற்றாக்குறை தீர்ந்துவிட்டது. ஆயினும் பராமரிப்புக்காக நிறுத்துவதும், காற்று மழையால் தடைப்படுவதும் இன்றும் உண்டு. ஆகவே சொந்தமாக ஒரு சிறு சூரிய ஒளி அமைப்பை நிறுவிக்கொள்ள விரும்பும் விவசாயிகள் பெருகி வருகிறார்கள்.

இவர்களுள் பெரும்பாலோர் பேனல் எத்தனை வாட், என்ன விலை என்பதையே விசாரிக்கிறார்கள். பேட்டரியை எங்கே வைப்பது, அதற்குப் பியூஸ் உண்டா என்று கேட்பவர் குறைவு. ஆனால் வீட்டுக்கு ஆபத்து வருவதாக இருந்தால், அது பெரும்பாலும் பேட்டரிப் பக்கமிருந்தே வரும்.

அதிர்ச்சி இல்லை, ஆனால் நெருப்பு உண்டு

12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் உலர்ந்த கையால் தொட்டால் மின் அதிர்ச்சி தெரிவதில்லை. டிராக்டர் பேட்டரியைக் கையாண்டு பழகியவர்களுக்கு இது தெரியும். இதனாலேயே, "12 வோல்ட் தானே, என்ன செய்துவிடும்?" என்ற அலட்சியம் ஏற்படுகிறது. இது தவறான எண்ணம்.

வாய்க்காலை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். உயரத்திலிருந்து விழும் நீர் குறைவாக இருந்தாலும் விசை உண்டு. மட்டமான வாய்க்காலில் அதே விசை கிடைக்க வேண்டுமானால் மிகுதியான நீர் பாய வேண்டும். மின்சாரமும் அப்படித்தான். 600 வாட் சாதனம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும்போது 3 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். அதே 600 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 50 ஆம்பியர் பாய வேண்டும். இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 60 ஆம்பியர் ஆகும். வீட்டு விளக்குக்குப் போடும் மெல்லிய வயரில் இவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் வயர் பழுத்து, மேலுறை உருகித் தீப்பிடிக்கும்.

தளர்ந்த இணைப்பும் இப்படித்தான் தீங்கு செய்யும். ஒரு முனையில் திருகு சரியாக இறுகாமல், ஒரு ஓமில் நூறில் இரண்டு பங்கு தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். அதன் வழியே 50 ஆம்பியர் பாயும்போது, அந்த ஒரே புள்ளியில் 50 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோலின் சூடு ஏறத்தாழ அவ்வளவுதான். முழுவதும் சார்ஜ் ஏறிய 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தாலோ ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்பானர் செந்தணலாகும், பேட்டரி வெடிக்கவும் கூடும்.

எவ்வளவு தேவை?

முதலில் கணக்குப் போட வேண்டும். 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, தினம் 5 மணி நேரம் எரிந்தால் 180 வாட்-மணி. குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் மின்விசிறி ஒன்று, 10 மணி நேரம் சுழன்றால் 300 வாட்-மணி. கைப்பேசிகளுக்கு 20 வாட்-மணி. ஆக மொத்தம் 500 வாட்-மணி. பழைய 75 வாட் விசிறியை வைத்துக்கொண்டால் அதற்கு மட்டுமே 750 வாட்-மணி தேவை. எனவே பேனலுக்குப் பணம் செலவழிக்குமுன் விசிறியை மாற்றுவது லாபம்.

வெப்பம், தூசி, வயர், பேட்டரி, இன்வெர்ட்டர் ஆகியவற்றில் ஏற்படும் இழப்புக்காகப் பாதிப் பங்கு கூட்டி, 750 வாட்-மணி எனக் கொள்ள வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் மாசி முதல் சித்திரை வரை நல்ல வெயில் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேகமூட்டம். ஆகவே நாள் ஒன்றுக்கு 4 மணி நேர முழு வெயில் என்று குறைத்தே கணக்கிடுவது நன்று. 750-ஐ 4-ஆல் வகுத்தால் 188 வருகிறது. 100 வாட் பேனல் இரண்டு போதும்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் 1,800 வாட்-மணி அடங்கும். ஆனால் பாதிக்கு மேல் வெளியே எடுத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். பாதி 900; இன்வெர்ட்டர் இழப்பு போக 750 வாட்-மணி நிற்கும். இது மேற்சொன்ன குடும்பத்துக்கு ஒன்றரை நாளைக்குப் போதுமானது. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை இதில் இணைக்கவே கூடாது. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுக்கு 3,700 வாட்டுக்கு மேல் தேவை. கிளம்பும்போது அதைப் போல் பல மடங்கு இழுக்கும்.

இன்வெர்ட்டரைப் பற்றி இன்னொன்று. விளக்கு எரியாவிட்டாலும் அது சும்மா இருக்கும்போதே சிறிது மின்சாரத்தைத் தின்னும். 10 வாட் தின்றால் ஒரு நாளைக்கு 240 வாட்-மணி, அதாவது மேற்கண்ட தேவையில் ஏறத்தாழ பாதி. மாட்டுக் கொட்டகைக்கும் வாசலுக்கும் விளக்கு மட்டும் போதும் என்பவர்கள், இன்வெர்ட்டர் இல்லாமல் 12 வோல்ட்டில் நேராக எரியும் டி.சி. பல்புகளைப் போட்டுக்கொள்ளலாம்.

மின் கட்டணம் குறையுமா?

நாளைக்கு அரை யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்தான். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. எனவே பேட்டரியோடு கூடிய சிறு அமைப்பு கட்டணத்தை மிச்சப்படுத்தும் என்று எண்ணி வாங்கக் கூடாது. கரண்ட் நின்றபோது கிடைக்கும் வெளிச்சமே அதன் பயன். தேவைக்கு மேல் பெரிதாக வாங்குவது வீண்.

கட்டணத்தைக் குறைக்க விரும்புவோருக்கு ஏற்றது, மின்வாரியக் கம்பியோடு இணையும் அமைப்பு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் இதற்கு மானியமாக 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டது. ஆனால் பேட்டரி இல்லாத இவ்வமைப்பு, கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். இது குறையன்று. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு. இரண்டும் வேறு வேறு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பேட்டரிக்கு இடம்

ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் இது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தால் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். எனவே படுக்கும் அறை, பூஜை அறை, சமையல் அறை ஆகிய இடங்களில் பேட்டரி வைக்கக் கூடாது. காற்றோட்டமுள்ள திண்ணை மூலையோ தாழ்வாரமோ ஏற்றது. மூடிய பெட்டிக்குள் வைப்பதானால் அடியில் ஒரு துவாரமும் மேலே ஒரு துவாரமும் வேண்டும். ஹைட்ரஜன் காற்றைவிட இலேசானது. மேலே போகும் வழி இல்லாவிட்டால் பெட்டியின் மூடிக்கடியில் தேங்கும்.

வைக்கோல், டீசல், உரமூட்டை, பூச்சிமருந்து வைக்கும் இடத்தில் பேட்டரி கூடாது. வெயிலும் மழையும் படக் கூடாது. தரையில் மரப்பலகை போட்டு, அதன்மேல் அமிலம் சிந்தினால் தாங்கும் பிளாஸ்டிக் தட்டு வைத்து, அதில் பேட்டரியை வைக்கலாம். குழந்தைகளுக்கு எட்டாதபடி கம்பித் தடுப்பும் தேவை. இன்வெர்ட்டரையும் கண்ட்ரோலரையும் பேட்டரிக்கு நேர் மேலே மாட்டக் கூடாது, பக்கவாட்டில் மாட்டலாம்.

பியூசும் வயரும்

பேட்டரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். எலி கடித்தோ ஆணி பட்டோ வயர் பழுதானால், பியூசுக்கு அப்பாலுள்ள வயரையே அது காக்கும். பியூசுக்கும் பேட்டரிக்கும் இடைப்பட்ட வயருக்குக் காவல் இல்லை. தூரம் குறைந்தால் ஆபத்தும் குறையும்.

இன்வெர்ட்டர் 600 வாட் எனில், பேட்டரியிலிருந்து அதற்குச் செல்லும் வயர் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராகவும், நீளம் ஒரு மீட்டருக்கு மிகாமலும் இருத்தல் நலம். இதற்கு 80 ஆம்பியர் பியூஸ் போடலாம். பியூஸின் அளவு எப்போதும் வயர் தாங்கும் அளவுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். பியூஸ் எரிந்தால் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. மோட்டார் அறையிலும் இது தவறு; பேட்டரியில் செய்தால் வீட்டையே பணயம் வைப்பதாகும்.

வீட்டு ஏ.சி. மின்சாரத்துக்குரிய சாதாரண சுவிட்சையும் எம்.சி.பி.யையும் பேட்டரிப் பக்கத்தில் போடக் கூடாது. ஏ.சி. மின்சாரம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். அதனால் சுவிட்சில் எழும் பொறி தானே அணையும். பேட்டரியும் பேனலும் தரும் டி.சி. மின்சாரம் பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பொறி அணையாமல் நின்று எரியும். ஆகவே "டி.சி." என்று குறித்த பியூஸையும் எம்.சி.பி.யையும் கேட்டு வாங்க வேண்டும்.

பேனலிலிருந்து கண்ட்ரோலர் வரை 10 மீட்டர் தூரமானால், போகவும் வரவுமாக 20 மீட்டர் வயர் ஆகிறது. 11 ஆம்பியர் பாயும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வீணாகும். 6 சதுர மில்லிமீட்டரில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவே. வெயில் தாங்கும் சோலார் வயரையே போட வேண்டும். எலி, அணில் கடிக்காதபடி வயர் முழுவதையும் பி.வி.சி. குழாய்க்குள் செலுத்துவது அவசியம்.

இணைக்கும் முறை

வேலை தொடங்குமுன் மோதிரம், வளையல், அரைஞாண், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். ஸ்பானரின் கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். வெயில் அடிக்கும்வரை பேனலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்தும் சுவிட்ச் பேனலில் கிடையாது. ஆகவே தார்ப்பாயால் பேனலை மூடிவிட்டு வேலை செய்வது நலம்.

முதலில் பேட்டரியைக் கண்ட்ரோலருடன் இணைக்க வேண்டும். அதன் பிறகே பேனலை இணைக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இணைந்தால் கண்ட்ரோலர் பழுதாகலாம். கழற்றும்போது இதற்கு நேர்மாறு: முதலில் பேனல், பிறகு பேட்டரி. 100 வாட் பேனல் இரண்டுக்கு 20 ஆம்பியர் கண்ட்ரோலர் போதும். சிவப்பு வயர் நேர் முனைக்கும் கறுப்பு வயர் எதிர் முனைக்கும் என்பதை இருமுறை சரிபார்த்த பின்னரே திருகை முடுக்க வேண்டும்.

இன்வெர்ட்டரிலிருந்து வெளிவருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். அது மின்வாரிய மின்சாரத்தைப் போலவே ஆளைக் கொல்லும். இரு பக்கமும் பிளக் உள்ள வயரால் இன்வெர்ட்டரையும் சுவர் சாக்கெட்டையும் இணைப்பது பெருந்தவறு. அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும். அங்குள்ள டிரான்ஸ்பார்மர் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் உயிர் போய்விடும். இன்வெர்ட்டருக்கெனத் தனி வயரிங்கோ சேஞ்ச்ஓவர் சுவிட்சோ கட்டாயம் வேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே விட வேண்டும்.

பேனல் பொருத்துதல்

பேனல் தெற்கு நோக்கி, சற்றே சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு சாண் உயர்த்தினால் நம் பகுதிக்குச் சரியான சாய்வு கிடைக்கும். மழையில் தூசியும் வழிந்துவிடும். தென்னை ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும். ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் கயிற்றால் கட்டியோ கல் ஏற்றியோ வைத்தால் ஆடிக் காற்று தூக்கி எறிந்துவிடும். இரும்புச் சட்டம் அமைத்துப் போல்ட் போட வேண்டும். ஓலைக் கூரை வீட்டின் மேல் பேனல் வைக்கவே கூடாது. முற்றத்தில் தனிக் கம்பம் நடுவதே சரி. சட்டத்துக்கு எர்த் கம்பி அவசியம்.

பேனலைக் காலை வேளையில், சூடேறுமுன் கழுவ வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உவர் நீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும். சேமித்த மழை நீர் நல்லது. வாங்கும்போது பேனலில் ஐ.எஸ். 14286 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து, தேதியிட்ட ரசீதும் உத்தரவாத அட்டையும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

லித்தியம் பேட்டரி வாங்கலாமா?

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கொள்ளளவில் 80 சதவீதம் வரை பயன்படுத்தலாம். விலை அதிகம் என்றாலும் ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். ஒவ்வொரு செல்லையும் காக்கும் மின்னணுக் காவல் சுற்று அதனுள் இருக்க வேண்டும். கண்ட்ரோலரையும் லித்தியத்துக்கு ஏற்றவாறு அமைக்க வேண்டும். பழைய மின்சார வண்டிகளிலிருந்து கழற்றிய செல்களைக் கோத்து மலிவாக விற்கும் பேட்டரிகளை வாங்கக் கூடாது. அவற்றுள் ஒரு செல் கெட்டாலும் தீப்பிடிக்கும்.

பராமரிப்பு

ஈய-அமில பேட்டரியின் ஆறு அறைகளிலும் நீர் மட்டத்தை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் கூடாது, அமிலமும் கூடாது. ஓய்விலிருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. அதற்குக் கீழே இறங்க விடக் கூடாது. பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்து இணைத்தால் புதியதும் கெடும்.

விளக்குகள் எரியும்போது வயர் முனைகளுக்கு அருகே புறங்கையைத் தொடாமல் கொண்டுபோய்ப் பார்த்தால் சூடு தெரியும். சூடிருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இணைப்பைச் சுத்தம் செய்து முடுக்க வேண்டும். அமிலம் கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் விடாமல் நல்ல தண்ணீரால் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தரையில் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவலாம். பேட்டரி தீப்பிடித்தால் அணைக்கப் போராடாமல், வீட்டிலுள்ளோரையும் மாடுகளையும் வெளியேற்றி, 101-க்குத் தகவல் தர வேண்டும்.

உழைத்து ஓய்ந்த பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்போரிடம் போடக் கூடாது. அமிலத்தை நிலத்திலோ கிணற்றோரத்திலோ கொட்டினால் ஈயம் மண்ணில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. விற்ற கடையிலேயே கொடுத்தால் புதிய பேட்டரியின் விலையில் கழிவும் கிடைக்கும்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் வைத்திருக்கும் விவசாயிகள் இந்த வாரமே ஒன்று செய்யலாம். பேட்டரி எந்த அறையில் இருக்கிறது, அதன் நேர் முனையை அடுத்துப் பியூஸ் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையெனில் பேனலுக்குப் பணம் சேர்க்குமுன் அதைச் சரி செய்ய வேண்டும். புதிதாக அமைப்பவர்களும் இதே வரிசையில், முதலில் பேட்டரிக்கு இடம், அடுத்துப் பியூசும் வயரும், கடைசியாகப் பேனல் என்று திட்டமிட்டு, ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.